தையற்பொறியும் நமது கரையும்

திருகோணமலையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் துறைமுகத்தில் தொடங்கித் துறைமுகத்திலேயே முடித்துவிடுகிறார்கள். போர்த்துக்கேயர் வந்தனர், ஒல்லாந்தர் வந்தனர், பிரெஞ்சுக்காரர் சிறிது காலம் பிடித்து வைத்திருந்தனர், ஆங்கிலேயர் கடற்படைத் தளம் அமைத்து 1957ஆம் ஆண்டு வரை அதனைத் தம் கையில் வைத்திருந்தனர். இவையாவும் உண்மையே. ஆயினும் இச்சரித்திரத்தில் கப்பல்கள் இருக்கின்றன, பீரங்கிகள் இருக்கின்றன, தளபதிகளின் பெயர்கள் இருக்கின்றன. அக்கரையில் வாழ்ந்த மக்கள் எதை உடுத்தார்கள், அதை யார் தைத்தார்கள், எந்தக் கருவியால் தைத்தார்கள் என்ற கேள்விகளுக்கு இடமில்லை.

அந்தக் கேள்விகளைக் கேட்பதற்குத் துறைமுகத்தை விட்டு வடக்கே நடக்க வேண்டும். புல்மோட்டை வீதியில் நிலாவெளியைக் கடந்ததும் இறக்கக்கண்டி வருகிறது. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு, இரண்டும் கூடுமிடத்தில் பாலம். முஸ்லிம் மக்களும் தமிழ் மக்களும் அயலயலாக வாழ்ந்து, கடலையும் களப்பையும் நம்பிப் பிழைக்கும் கரை இது. இத்தகைய கரையோரக் கிராமங்களின் வீடுகளில், சன்னலோரத்து வெளிச்சத்தில், ஒரு பழைய பொருளை நாம் காணலாம். கறுத்த வார்ப்பிரும்புத் தலை, அதில் மங்கிய பொன்னிற எழுத்து, பக்கத்தில் கைச்சக்கரம், கீழே பூவேலை செய்த இரும்புக் கால், அதன் நடுவே மிதிபலகை. வீட்டார் அதை ‘மெசின்’ என்றே அழைப்பார்கள். மற்ற யந்திரங்களுக்கெல்லாம் அடைமொழி வேண்டும். இது ஒன்றுக்கு மட்டும் வேண்டியதில்லை. வீட்டுக்குள் முதலில் நுழைந்த யந்திரத்திற்கு அந்த உரிமை உண்டு.

இந்தத் தையற்பொறியின் வரலாற்றையே இங்கு ஆராய விரும்புகிறோம். அதை ஆக்கியவர் யார்? அது எவ்வழியாக ஏழையின் வீட்டுக்குள் வந்தது? வந்தபின் யாருக்காக உழைத்தது? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தேடினால், ஒரு சிற்றூரின் மூலையில் நிற்கும் இரும்புக்குள் உலகத்தின் கதை அடங்கியிருப்பதைக் காண்போம்.

முதலாவது கேள்வி, ஆக்கியவர் யார் என்பது. பாடநூல்கள் ஒரு பெயரைக் கூறி நிறுத்திவிடும். உண்மை அவ்வளவு எளிதன்று. பிரான்சு தேசத்துத் தையற்காரர் பார்த்தலமி திமோனியே 1830ஆம் ஆண்டு ஒரு பொறிக்கு உரிமை பெற்றார். பாரிசில் ஏறத்தாழ 80 பொறிகளைக் கொண்டு படையினருக்கு உடை தைக்கும் பட்டறை எழுந்தது. தம் பிழைப்புப் போகுமென்று அஞ்சிய தையற்காரர்கள் திரண்டு வந்து அப்பொறிகளை நொறுக்கினர். திமோனியே 1857இல் வறுமையில் இறந்தார். பொறிகளை நொறுக்கியவர்களை அறிவிலிகள் என்று தள்ளிவிடுவது எளிது. பொறி தம்முடையதாக இருந்திருந்தால் அவர்கள் அதை நொறுக்கியிருப்பார்களா என்று கேட்பதே வரலாற்று மாணவரின் கடமை.

அமெரிக்காவில் வால்ட்டர் ஹன்ட் என்பவர் 1830களில் நுனியில் கண் கொண்ட ஊசியையும் இருநூல் தையலையும் அமைத்தார். ஆனால் உரிமை பெறாது விட்டுவிட்டார். ஊசிப் பெண்களின் வேலை பறிபோகும் என்று தயங்கினார் எனக் கூறுவர். எலியாஸ் ஹவ் 1846இல் அதே நெறியில் அமைந்த பொறிக்கு உரிமை பெற்றார். ஐசக் மெரிட் சிங்கர் என்பவர் நாடக நடிகராகவும் பொறிவினைஞராகவும் இருந்தவர். 1850இல் பாஸ்டன் நகரில், பிறர் செய்த தையற்பொறிகளைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில், அவற்றின் குறைகளைக் கண்டு திருத்தினார். 1851இல் தமது பெயரில் உரிமை பெற்றார். ஹவ் வழக்குத் தொடுத்து வென்றார். சிங்கர் அவருக்குப் பங்குப் பணம் செலுத்த நேர்ந்தது. இறுதியில் 1856இல் பெரிய உற்பத்தியாளர்கள் தங்கள் உரிமைகளை ஒன்றாகக் குவித்து, புதியவர் எவரும் கட்டணமின்றி உள்ளே வராதபடி வேலி கட்டிக்கொண்டனர். அந்த வேலி 1877 வரை நின்றது. பலருடைய மூளையிலும் கையிலும் பிறந்த ஒரு கருவி, சிலருடைய சொத்தாக மாறிய விதம் இது.

கருவியின் நுட்பத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். கையால் தைப்பவர் ஊசி முழுவதையும் துணியின் மறுபுறம் செலுத்தி, மீண்டும் இப்புறம் இழுக்க வேண்டும். பொறி அவ்வாறு செய்வதில்லை. ஊசியின் நுனியிலுள்ள கண்ணில் நூல் இருக்கிறது. ஊசி துணியைத் துளைத்துச் சற்றே மேலெழும்போது, அடியில் அந்நூல் சிறு வளையமாக விரிகிறது. படகு போன்ற ஓடமோ, வட்டமான கொக்கியோ அவ்வளையத்தைப் பற்றி, பொபினிலிருந்து வரும் கீழ்நூலை அதனோடு கோத்துவிடுகிறது. மேலே உள்ள நெம்பு மிச்ச நூலை இழுத்து இறுக்க, துணியின் நடுவே முடிச்சு விழுகிறது. அடியிலுள்ள பற்கள் துணியை ஒரு தையலளவு முன்னே தள்ளுகின்றன. இவ்வளவும் கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழ்கின்றன. மனிதக் கையைப் போலச் செய்ய முயன்றவர்கள் தோற்றனர். கை செய்யும் முறையை மறந்து, வேலையை மட்டும் எண்ணியவர்கள் வென்றனர்.

இனி இரண்டாவது கேள்வி. இப்பொறி ஏழையின் வீட்டுக்குள் எவ்வாறு வந்தது? தொடக்கத்தில் அதன் விலை 100 டொலருக்கு மேல். உழைக்கும் குடும்பம் எதனாலும் அத்தொகையை ஒரே தடவையில் கொடுக்க இயலாது. சிங்கரின் கூட்டாளியான வழக்கறிஞர் எட்வர்ட் கிளார்க் 1856 அளவில் ஒரு வழி கண்டார். சிறு முன்பணம் கொடுத்துப் பொறியை வீட்டுக்குக் கொண்டு போகலாம். மாதந்தோறும் தவணை செலுத்த வேண்டும். கடைசித் தவணை தீரும்வரை பொறி நிறுவனத்துக்கே சொந்தம். தவறினால் எடுத்துச் செல்வார்கள். இரும்பில் செய்த கண்டுபிடிப்பைவிட இந்தக் கண்டுபிடிப்பு உலகில் வெகுதூரம் பரவியது என்றால் மிகையாகாது. இன்று நம் ஊர்களில் தவணைக்கு வாங்கும் ஒவ்வொரு பொருளும் அந்த வழியிலேயே வருகிறது.

இலங்கைக்குச் சிங்கர் நிறுவனம் வந்தது 1877ஆம் ஆண்டில். கோப்பி பொய்த்துத் தேயிலை தழைக்கத் தொடங்கிய காலம் அது. வரலாற்றாசிரியர் நிரா விக்கிரமசிங்க 2014இல் வெளியிட்ட ஆங்கில நூலில், குடியேற்றக் கால இலங்கையில் தையற்பொறி, கிராமபோன், டிராம் வண்டி, துவிச்சக்கர வண்டி ஆகியவை சாதாரண மக்களின் வாழ்வில் புகுந்த கதையை ஆராய்ந்துள்ளார். தமது பிரித்தானிய ஆட்சியாளரை நேரிற் கண்டிராத மக்கள்கூட, ஐரோப்பிய ஆலையில் செய்த யந்திரத்தைத் தொட்டு இயக்கினர். நவீன காலம் நம் வீடுகளுக்குள் சட்டசபை வழியாக வரவில்லை. இத்தகைய பொருள்களின் வழியாகவே வந்தது.

அப்பொறிகள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலானவை ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் என்னும் நகரிலிருந்து. 1885இல் திறக்கப்பட்ட அந்த ஆலை, 1913இல் ஓராண்டுக்குள் 13 இலட்சம் பொறிகளை ஆக்கியது. நம் கரையோர வீட்டின் மூலையில் நிற்கும் கறுத்த இரும்பை வார்த்தவர்கள், கடைந்தவர்கள், மெருகிட்டவர்கள் அந்நகரத்துத் தொழிலாளர்களே. அவர்களுடைய கதை நமக்கு அந்நியமானதன்று.

1911ஆம் ஆண்டு மார்ச் மாதம், பொறியின் மரப்பெட்டிகளுக்கு மெருகிடும் பகுதியில், 15 பெண்கள் செய்த வேலையை 12 பெண்கள் செய்ய வேண்டுமென்று நிர்வாகம் கட்டளையிட்டது. வேலை கூடியது, கூலி குறைந்தது. அப்பெண்கள் கருவிகளை வைத்துவிட்டு வெளியேறினர். அவர்களுக்கு ஆதரவாக ஏனைய பெண்கள் வெளியேறினர். ஓரிரு நாள்களில் ஏறத்தாழ 11,000 பேர் பணிபுரிந்த ஆலை நின்றுபோயிற்று. நிர்வாகம் தொழிலாளர் வீடுகளுக்குத் தபாலட்டை அனுப்பி, வேலைக்குத் திரும்பச் சம்மதமா என்று தனித்தனியே கேட்டது. ஆலை வாசலில் ஒன்றாக நின்றபோது உறுதியாக இருந்தவர்கள், வீட்டு மேசையில் தனியாக இருந்து பதில் எழுதியபோது தளர்ந்தனர். ஏப்ரல் மாதத்தில் வேலைநிறுத்தம் முடிந்தது. அதன்பின் முன்னணியில் நின்றோர் நூற்றுக்கணக்கில் நீக்கப்பட்டனர். அவர்களுள் ஜேன் ரே என்னும் பெண் பின்னர் நகரசபை உறுப்பினரானார். ஆர்தர் மக்மானஸ் பின்னர் பிரித்தானியக் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் தலைவரானார். அந்தப் பன்னிரண்டு பெண்களின் கை பட்ட மெருகு, கடல் கடந்து கீழைத்தேசத்து வீடுகளுக்கும் வந்திருக்கக்கூடும். பொருளை வாங்குகிறவர் ஆக்கியவரை அறியாதபடி செய்வதே சந்தையின் தந்திரம். வரலாறு அத்திரையை விலக்குகிறது.

பழைய பொறி வைத்திருப்போர் அதன் அடித்தட்டில் பொறித்திருக்கும் இலக்கத்தைப் பார்க்க வேண்டும். சிங்கர் பொறிகளில் 1900 முதல் இலக்கத்திற்கு முன்னே ஆங்கில எழுத்தும் சேர்ந்தது. அவ்வெழுத்தையும் இலக்கத்தையும் கொண்டு, அது எந்த ஆலையில், எந்த ஆண்டில் ஆக்கப்பட்டது என்பதை அறிந்துவிடலாம். ஒரு வகுப்பின் மாணவர்கள் தத்தம் வீட்டுப் பொறியின் இலக்கத்தை எழுதி வந்தால், அவ்வூரின் ஒரு நூற்றாண்டு வரலாற்றில் ஓர் அத்தியாயம் தயாராகிவிடும். எந்தப் பாட்டிக்கு அது சீதனமாக வந்தது, எந்த ஆண்டின் மீன்பாட்டில் தவணை தீர்ந்தது, எத்தனை பெண்கள் அதில் தையல் பழகினார்கள் என்பவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அதனோடு சேர்க்கலாம்.

காந்தியடிகள் யந்திரங்களை ஐயத்தோடு நோக்கியவர் என்பதை அனைவரும் அறிவர். ஆனால் தையற்பொறிக்கு மட்டும் அவர் விலக்களித்தார். 1924இல், பின்னாளில் மதுரைக்கருகே காந்திகிராமத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஜி. ராமச்சந்திரன், மாணவராக அவரிடம் இதுபற்றிக் கேள்விகள் கேட்டார். மனைவி கையால் தைத்துக் களைப்பதைக் கண்ட சிங்கர் அன்பினால் அக்கருவியை அமைத்தார் என்று காந்தியடிகள் விடையிறுத்தார். அப்படியானால் அப்பொறிகளைச் செய்யப் பேராலை வேண்டுமே என்று மாணவர் மடக்கியபோது, அத்தகைய ஆலைகள் தேசவுடைமையாகவோ அரசின் கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டுமென்று சொல்லுமளவுக்குத் தாமும் ஒரு சோஷலிஸ்டே என்றார். சிங்கரின் வாழ்க்கையை ஆராய்ந்தால் அன்பின் கதை நிற்காது. பாஸ்டன் பட்டறையில் அவரை இயக்கியது பணமே. ஆனால் காந்தியடிகள் கூறிய இரண்டாம் பகுதி நின்று நிலைக்கிறது. கருவி நல்லதா தீயதா என்பதை, அது யாருடைய கையில் இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. ரஷ்யாவின் பொதோல்ஸ்க் நகரில் சிங்கர் நிறுவனம் கட்டிய ஆலை, புரட்சிக்குப் பின்னர் அரசுடைமையாகி, சோவியத் குடும்பங்களுக்குத் தையற்பொறிகளை ஆக்கியது என்பதை இங்கு நினைவுகூரலாம். கல்கத்தாவிலும் 1930களில் ஜெய் என்ஜினியரிங் ஆலை தோன்றி, ‘உஷா’ என்னும் பெயரில் பொறி செய்தது. அன்னியர் மட்டுமே ஆக்கக்கூடிய பொருள் இது என்ற எண்ணம் அதனால் தகர்ந்தது.

மார்க்ஸும் 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதல் பாகத்தில் தையற்பொறியை விரிவாக ஆராய்ந்தார். வீட்டிலிருந்து தைத்த ஏழைப் பெண்களைப் பொறி எவ்வாறு வேலையிலிருந்து தள்ளியது, பொறி வாங்கியவர்களையும் எவ்வாறு நீண்ட நேர உழைப்புக்கு ஆளாக்கியது என்பதை அவர் காட்டினார். கை பத்து மடங்கு வேகம் பெற்றால் உழைப்பு நேரம் பத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும். நடைமுறையில் கூலியே குறைந்தது. இந்த முரண்பாட்டை மனத்திற் கொண்டு நம் கரைக்குத் திரும்புவோம்.

நம் முன்னோரின் உடைகளிற் பெரும்பகுதி தைக்காத துணியே. சேலையும் வேட்டியும் தறியிலிருந்து நேரே உடலுக்கு வந்தன. சாரத்துக்கு ஒரே ஒரு மூட்டுத் தையல் போதும். சட்டையும் பாவாடையும் குழந்தைகளின் கவுணும் பரவியபோதுதான் தையல் என்பது அன்றாடத் தேவையாயிற்று. அத்தேவையை மிகவும் வளர்த்தது பள்ளிக்கூடம். கன்னங்கரா முன்னின்று கொணர்ந்த இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. மீனவர் பிள்ளையும் விவசாயி பிள்ளையும் வெள்ளைச் சீருடை அணிந்து வகுப்பில் அமர்ந்தனர். 1993 முதல் சீருடைத் துணியையும் அரசு இலவசமாக வழங்கலாயிற்று. ஆனால் அரசு தந்தது துணி. அதைச் சட்டையாக்குவது கிராமத்துப் பெண்ணின் மிதிபலகை. இந்துப் பிள்ளையின் சட்டைக்கு ஓர் அளவு. முஸ்லிம் பெண்பிள்ளையின் நீண்ட மேலாடைக்கும் காற்சட்டைக்கும் வேறோர் அளவு. இரண்டையும் ஒரே பொறி தைக்கிறது. இலவசக் கல்வியின் வரலாற்றில் மசோதாக்களையும் அறிக்கைகளையும் படிக்கிற நாம், பாடசாலை தொடங்கும் வாரத்தில் இரவெல்லாம் விளக்கடியில் ஓடிய அந்தப் பொறிகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.

இக்கரை கண்ட துன்பங்கள் பல. 1941 மார்ச்சில் ஜெர்மானிய விமானங்கள் கிளைட்பாங்க் நகரைத் தகர்த்தன. தையற்பொறி ஆலையின் மரக்களஞ்சியம் எரிந்தது. ஓராண்டு கழித்து, 1942 ஏப்ரல் 9ஆம் நாள், ஜப்பானிய விமானங்கள் திருகோணமலை மீது குண்டு வீசின. பொறியை ஆக்கிய ஊரும் அதை இயக்கிய மாவட்டமும் ஒரே போரின் நெருப்பில் வெந்தன. அதன்பின் 1983 முதல் 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போர் மக்களை ஊர் ஊராக ஓட்டியது. வார்ப்பிரும்புத் தலை மட்டும் பத்துக் கிலோவுக்கு மேல். ஓடும் நேரத்தில் எடுத்துச் செல்லத்தக்க பொருள் அன்று. பிள்ளையைத் தூக்குவதா, பிழைப்பைத் தூக்குவதா என்ற கேள்விக்கு ஒரே விடைதான் இருந்தது. இடையில், 2004 டிசம்பர் 26ஆம் நாள், கடலே எழுந்து வந்தது. இறக்கக்கண்டியும் நிலாவெளியும் அந்த அலையில் நொறுங்கின. சுனாமிக்குப் பின் வாழ்வாதார உதவி என்று வந்த பொருள்களுள் தையற்பொறியும் ஒன்று. வீடிழந்தவளுக்கு முதலில் கொடுக்கத் தோன்றிய கருவி எதுவோ, அதுவே பெண்ணின் உழைப்பைப் பற்றி உலகம் கொண்டுள்ள எண்ணத்தையும் காட்டிவிடுகிறது.

பழைய பொறியின் சிறப்பு, அது சாவதற்கு எளிதில் சம்மதிக்காமையே. உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிய பொறியைக்கூட மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, பழைய பிசினைக் கரைத்து, பின்னர் தையற்பொறி எண்ணெய் இட்டால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். தேங்காயெண்ணெய் மட்டும் ஆகாது. நாளடைவில் அதுவே பிசினாகி உறுப்புகளை இறுக்கிவிடும். 15×1 என்னும் அளவு ஊசி நூறாண்டுக்கு முந்திய வீட்டுப் பொறிகள் பலவற்றுக்கும் இன்றைய பொறிக்கும் பொதுவானது. இன்று கடையில் வாங்கும் ஊசி பாட்டியின் பொறியிலும் ஓடும். பழுது வந்தாலும் அது தன்னை மறைப்பதில்லை. துணியின் அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் குற்றம் அநேகமாக மேல்நூலைக் கோத்ததிலோ இறுக்கத்திலோ இருக்கும். தையல் தவறித் தவறி விழுந்தால் முதலில் ஊசியை மாற்றிப் பார்க்க வேண்டும். திருகாணிகளைக் கழற்றினால் எல்லா உறுப்பும் கண்முன்னே தெரியும். இதைவிடச் சிறந்த பௌதிகப் பாடம் கிராமத்துப் பள்ளிக்குக் கிடைப்பது அரிது. மிதிபலகையின் மேல்கீழ் அசைவு சுழற்சியாக மாறுவதையும், பெரிய சக்கரம் ஒருமுறை சுற்றச் சிறிய சக்கரம் பலமுறை சுற்றுவதையும், தோல்வார் விசையைக் கடத்துவதையும் குழந்தைகள் தொட்டே அறியலாம்.

அதில் ஓர் இன்பமும் உண்டு. அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. பழகாத காலில் சக்கரம் பின்னோக்கிச் சுழன்று நூலை அறுத்துவிடும். சில நாளில் குதியும் விரலும் மாறிமாறி அமுக்கும் தாளம் படிந்துவிடும். அதன்பின் கை வழிகாட்ட, கால் தானாக ஓட, நேர்கோட்டில் தையல் விழும். வேகம் நம் கையில். நிறுத்தம் நம் காலில். மனிதனை ஓட்டுகிற யந்திரத்துக்கும் மனிதன் ஓட்டுகிற யந்திரத்துக்கும் உள்ள வேறுபாட்டை உடம்பே உணர்ந்துகொள்கிறது. 2022இல் பொருளாதார நெருக்கடியால் நாள் ஒன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றபோது, மின்பொறிகள் ஊமையாயின, மிதிபலகைகள் ஓடின. பழமை என்று ஒதுக்கப்பட்டது அன்று பயன்பட்டது.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருவோம். பொறி யாருக்காக உழைக்கிறது? 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. 1992இல் கிராமப்புறங்களுக்கு 200 ஆடைத் தொழிற்சாலைகள் என்ற திட்டம் வந்தது. ஆயிரமாயிரம் இளம்பெண்கள் தையற்பொறியின் முன் அமர்ந்தனர். ஆனால் அப்பொறி அவர்களுடையதன்று. சட்டை முழுவதையும் அவர்கள் தைப்பதில்லை. ஒருத்தி கழுத்துப்பட்டியை மட்டும், மற்றொருத்தி கைப்பட்டியை மட்டும், மணிக்கணக்கில் இலக்கு வைத்துத் தைக்கிறார்கள். வேகம் அவர்கள் காலில் இல்லை. கிளைட்பாங்கின் பன்னிரண்டு பெண்களுக்குக் கொடுத்த அதே கட்டளை, வேறு மொழியில், வேறு கரையில் ஒலிக்கிறது.

வீட்டிலிருந்து தைப்பவள் அப்படியானால் விடுதலை பெற்றவளா? அவளுடைய வாசலில் கடன் நிற்கிறது. போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்கள் புற்றீசல்போற் பரவின. சுயதொழிலுக்கு என்று கொடுத்த கடன், உயர்ந்த வட்டியாலும் வாரத் தவணையாலும் பெண்களின் கழுத்தை நெரித்தது. நிலைமை முற்றி, 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை இரத்துச் செய்வதாக அரசே அறிவிக்க நேர்ந்தது. 1856இல் கிளார்க் கண்ட தவணை முறையிலாவது, பணம் தீர்ந்தபின் பொறி மிஞ்சிற்று. இன்றைய கடனில் பல வேளை எதுவும் மிஞ்சுவதில்லை.

ஆகவே பழைய தையற்பொறியை நாம் போற்றுவது பழமை மோகத்தினால் அன்று. உல்லாசப் பயணிகள் வரும் கரைகளில் அதன் இரும்புக் கால்கள் விடுதி மேசைகளாவதையும், தலைகள் பழைய இரும்பு வியாபாரியின் வண்டியில் ஏறுவதையும் காண்கிறோம். அழகுப் பொருளாக அலமாரியில் வைத்தாலும், நிறுத்து விற்றாலும், அதன் வரலாறு ஒன்றுபோலவே அழிகிறது. அது இயங்கும்போதுதான் உயிருடன் இருக்கிறது.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடியவை சில உண்டு. ஊரிலுள்ள பொறிகளின் இலக்கங்களையும் அவற்றை இயக்கியவர்களின் நினைவுகளையும் எழுதி வைக்கலாம். பழுதுபார்க்கத் தெரிந்த முதியவர் இருக்கும்போதே அவரிடம் இளைஞர் சிலரைப் பழக்கலாம். தனித்தனியே கடன்பட்டு நிற்கும் பெண்கள் கூட்டுறவாக இணைந்து, நூலையும் துணியையும் மொத்தமாக வாங்கி, பள்ளிச் சீருடைகளைத் தாமே நியாயமான கூலிக்குத் தைக்க வழி செய்யலாம். தபாலட்டை முன் தனியாக இருந்தவர்கள் தளர்ந்தார்கள், வாசலில் ஒன்றாக நின்றவர்கள் உறுதியாக இருந்தார்கள் என்பதே 1911 நமக்குக் கற்பித்த பாடம்.

ஊசி ஒன்று, நூல் இரண்டு. மேல்நூலை மட்டும் இழுத்தால் தையல் நிற்காது. கீழ்நூலும் அதே இறுக்கத்தில் வர வேண்டும். இறக்கக்கண்டியின் பெண்களுக்குத் தெரிந்த இவ்வுண்மையை நாட்டை ஆளுவோரும் ஒருநாள் கற்றுக்கொள்வார்கள். கற்பிக்க வேண்டியவர்கள் நாம்.